பயோ படித்த வன்னிப் பிள்ளையும் ஐந்து வாசல்களும்

உயர்தரப் பெறுபேறு வந்த மூன்றாம் நாள் ஒட்டுசுட்டானில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவ பீடத்தின் பக்கம்கூடப் போகவில்லை. விறாந்தை மேசையில் காகிதங்கள் பரவிக் கிடந்தன: பழைய வர்த்தமானி ஒன்றின் நிழற்பிரதி, பல்கலைக்கழக அனுமதிக் கைநூல், வவுனியா நகரில் ஒரு தனியார் நிலையம் அச்சடித்த பளபளப்பான துண்டுப்பிரசுரம். தாதி, குடும்பநல உத்தியோகத்தர், மருந்தாளர், சித்த வைத்தியர், அதோடு அந்தத் துண்டுப்பிரசுரத்தின் டிப்ளோமா. "எது நல்லது மாமா?" என்று கேட்டாள். படிப்பை இப்போதைக்கு விடு, படித்து முடிந்தபின் உன் பெயர் யாருடைய பதிவேட்டில் ஏறும் என்பதை முதலில் பார்ப்போம் என்றேன்.

துண்டுப்பிரசுரத்திலிருந்தே தொடங்கினோம். அதுதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் படம், கீழே சிவப்பு எழுத்தில் "அரச அங்கீகாரம் பெற்ற தாதியர் டிப்ளோமா". இந்த "அரச அங்கீகாரம்" என்ற சொல் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையம் பதிவாகியிருக்கலாம், என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழும் தரலாம். ஆனால் தாதி என்று பதிவு பெறுவதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். அது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த இலங்கை தாதியர் சபை. முதலாவது ஒரு பள்ளிக்கூடம் இயங்கலாம் என்று சொல்கிறது. இரண்டாவது ஒரு மனிதர் நோயாளியைத் தொடலாம் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே சிவப்பு எழுத்துக்குள் போட்டுக் குழைத்திருந்தார்கள்.

பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். "படித்து முடித்தால் பிள்ளையின் பெயர் தாதியர் சபையில் பதியப்படுமா?" அந்தப் பக்கத்தில் சற்று மௌனம். பிறகு, "சேர், வேலை நாங்கள் எடுத்துத் தருவோம்" என்றார்கள். நான் கேட்டதையே மறுபடி கேட்டேன். "பணிப்பாளர் வந்ததும் அழைக்கச் சொல்கிறோம்." இன்றுவரை அழைப்பு வரவில்லை. பராமரிப்பாளர் வேலைக்கான என்.வி.கியூ. சான்றிதழை நான் மட்டம் தட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் முதியோரைக் கவனித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பிள்ளைகள் உண்டு. அதற்குத் தாதி என்ற பெயரைப் பூசி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அரச தாதியர் பயிற்சியில் அந்தக் குழப்பம் இல்லை. மூன்று வருடம். வவுனியாவிலேயே தாதியர் கல்லூரி இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இன்னொன்று. பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் கிடைக்கும்; முடிவில் பதிவு, பிறகு நியமனம். குறை ஒன்றுதான்: பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கும், வயதும் ஏறிக்கொண்டிருக்கும். புள்ளி சற்றுக் கூடினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியப் பட்டமும் இருக்கிறது. தாதியின் பதிவு பெரும்பாலும் ஒரு வைத்தியசாலைக்குள் நின்றுதான் பயன்படும். தனியாகப் பலகை தொங்கவிட்டுப் பிழைக்கும் தொழிலன்று அது. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தங்கையின் விருப்பம் வேறு. அவளுக்கு மகள் குடும்பநல உத்தியோகத்தராக வேண்டும். ஊரில் இன்னமும் "மிட்வைப் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒன்றரை வருடப் பயிற்சி: முதலில் கல்லூரியும் வைத்தியசாலையும், கடைசி ஆறு மாதம் களம். பதிவு தாதியர் சபையில் அன்று, 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில். வைத்தியர்களின் பெயரை வைத்திருக்கும் அதே சபை, வேறொரு பதிவேட்டில் இவர்களின் பெயரையும் வைத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தாதியும் மருத்துவிச்சியும் ஒரே இனம் என்று நினைத்து, ஒன்றில் தவறினால் மற்றதற்கு அப்படியே மாறலாம் என்று எண்ணுகிறார்கள். சட்டத்தில் அவை இரண்டு தனித்தனித் தொழில்கள்.

வேலை எப்படியென்று தங்கைக்கு நன்றாகத் தெரியும், மிட்வைப் அக்கா அவள் வீட்டுக்கே வந்து போகிறவர்தானே. கிரவல் வீதியில் ஸ்கூட்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வருவார். முன்னால் திரிபோஷச் சத்துமாப் பொதிகள், தோளில் பை. மாமரக் கிளையில் தராசைக் கொளுவி, காற்சட்டை மாதிரியான துணியில் குழந்தையை இருத்தித் தொங்கவிடுவார். குழந்தை வீறிட்டு அழும். முள் ஆடி நிற்கும்வரை அவர் பொறுமையாக நிற்பார். பிறகு அட்டையிலுள்ள கோட்டில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி போன மாதத்துப் புள்ளிக்குக் கீழே போனால் தாயிடம் எதுவும் உரக்கச் சொல்லமாட்டார், அடுத்த கிழமையும் வந்து நிற்பார். வன்னியில் வீட்டுக்கு வீடு தூரம். மழைக்காலத்தில் குறுக்குப் பாதைகள் போய்விடும். அந்தப் பதிவின் கனம் எனக்கு அந்தத் தராசில்தான் தெரிகிறது.

மருந்தாளர் வழிதான் எனக்குப் பிடித்தது, காரணமும் சொல்கிறேன். இதுவும் மருத்துவ சபைப் பதிவு. போகும் பாதைகள் மூன்று: நான்கு வருடப் பட்டம், இதை யாழ்ப்பாணத்திலேயே படிக்கலாம், சுகாதார அமைச்சின் பயிற்சி, அல்லது பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரிடம் பயிலுநராக நின்று வெளிவாரியாகத் தேர்வு எழுதுவது. கடைசிப் பாதை நீளமானது, சோர வைப்பது. ஆனால் வர்த்தமானியைப் பார்த்துக் கிடக்கத் தேவையில்லை. பதிவு கிடைத்துவிட்டால் அது கையில் உள்ள சொத்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை ஒரு பார்மசிக்கு உரிமம் கொடுப்பதென்றால் அங்கே பதிவு பெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும். பணம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஒருவர் இல்லாமல் கடை திறக்க முடியாது.

இங்கேதான் ஒரு கோணல் வழக்கமும் முளைத்திருக்கிறது. ஏ-9 வீதியோரத்துக் கடையொன்றில் இருமல் மருந்து வாங்க நின்றபோது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழைப் பார்த்தேன். அதில் ஒரு பெண்ணின் பெயர். மருந்தை எடுத்துத் தந்தவன் மீசை அரும்பாத பையன். "மிஸ் எங்கே?" என்றேன். "இப்போதுதான் வெளியே போனார்" என்றான். அடுத்தடுத்து மூன்று தடவை போனபோதும் மிஸ் இப்போதுதான் வெளியே போயிருந்தார். சட்டம் கேட்பது கடைக்குள் நிற்கும் ஆளை. இவர்கள் தாளை மாட்டி வைத்திருக்கிறார்கள். மருமகளிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். பதிவு கிடைத்த மறுநாளே, "பிள்ளை, நீங்கள் வரவே வேண்டாம், சான்றிதழை மட்டும் தாருங்கள், மாதாமாதம் பணம் வரும்" என்று யாராவது வந்து நிற்பார்கள். பையன் மாறி எடுத்துக் கொடுக்கும் ஒரு மாத்திரைக்கு அப்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

சித்த மருத்துவம் நாங்கள் கடைசியாகப் பேசியது. பல்கலைக்கழகப் படிப்பு ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் திருகோணமலையிலும் இருக்கிறது. பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் "ஆயுர்வேதம்" என்ற சொல்லுக்குள் சித்தம், யுனானி, சுதேச வைத்தியம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. எங்கள் பரியாரியார்களுக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். பட்டமில்லாத பரம்பரை வைத்தியரும் அதே சபையில் பதியலாம். விஷகடி, முறிவு என்று குறிப்பிட்ட துறைக்கு மட்டும் பதிவு பெறுவதும் உண்டு. பாம்புக்குப் பஞ்சமில்லாத வன்னியில் விஷகடி வைத்தியருக்கு இன்னமும் மரியாதை இருக்கிறது. இருந்தாலும் கடிபட்டவரை முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஐந்து வாசல்களில் இது ஒன்றுதான் தானே நோயைப் பார்த்து, தானே மருந்து எழுதும் உரிமையைத் தருகிறது. ஆங்கில மருந்து எழுத இடமில்லை என்ற வேலியோடுதான். நியமனம் மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தை நம்பியது. அதற்காகக் காத்திருக்கும் பட்டதாரிகளை நான் அறிவேன். ஆறு வருடம் படித்துவிட்டுக் காத்திருப்பதும், வர்த்தமானிக்காகக் காத்திருந்துவிட்டு மூன்று வருடம் படிப்பதும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்குக் காத்திருக்கும் காலத்தில் வீட்டு வாசலில் பலகை போடலாம்.

ஒரு வசதி எல்லாவற்றுக்கும் பொது. இந்தியாவில் தாதியர் பதிவு மாநிலம் மாநிலமாக இருக்கிறது. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கே தாதியம் படித்துப் பதிந்து, பிறகு ஊர் திரும்பிய பிள்ளை இங்கே மறுபடி தாதியர் சபையின் வாசலில் நிற்க வேண்டும். இலங்கைக்குள் அந்தத் தொல்லை இல்லை. முல்லைத்தீவுப் பிள்ளையின் பதிவு மாத்தறையிலும் செல்லும். பதியப் போவதற்குத்தான் கொழும்புக்கு இரவு பஸ்.

பேச்சின் நடுவே பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 2009க்கு முன் எத்தனையோ காயங்களைக் கட்டியவர்; ஊசி போடுவதில் அவருடைய கையை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். இப்போது தையல் மெசினில் பள்ளிச் சீருடை தைக்கிறார். "எனக்கு எந்தச் சபை தங்கச்சி?" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நாங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது, ஆகவே அது முதலில், மருந்தாளர் பட்டத்தை மேலேயும் சித்த மருத்துவத்தைக் கீழேயும் போட்டு. வர்த்தமானி வந்தால் தாதியத்துக்கும் போடலாம். இரண்டும் கைகூடாவிட்டால் பதிவு பெற்ற மருந்தாளர் உண்மையாகவே கடையில் நிற்கிற இடமாகத் தேடிப் பயிலுநராகச் சேர வேண்டும். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மகள் வீட்டுக்கு வந்து சேரும் வேலை மிட்வைப் வேலைதான் என்று நின்றாள். மருமகள் தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முற்றத்தில் நின்ற தகப்பனின் பழைய ஸ்கூட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு அதை நிமிர்த்தவே தெரியாதே."

துண்டுப்பிரசுரத்தைத் தங்கை எடுத்துக்கொண்டு போனாள். தாள் நல்ல தடிப்பு, அலுமாரித் தட்டில் விரிக்கலாமாம்.