கேட்பதா, பேசுவதா: விமான நிலையத்தருகே ட்ரோன் இயக்குபவரின் ரேடியோ
அமெரிக்காவில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்களின் அருகே ட்ரோன் இயக்குபவர், விமானிகளின் பொது அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது அதில் தாமும் பேச முனையலாம்.

கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. ஓடுபாதை 27-இல் (27 என்பது 270 பாகை, அதாவது மேற்குத் திசையைக் குறிக்கும்) இறங்குவதற்கான இறுதி அணுகுபாதையில் இருப்பதாக ஒரு விமானி அறிவித்தால், அவர் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வருகிறார் என்பதை உணர்ந்து, விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே ட்ரோனைத் தாழ்த்திவிடலாம்.

தரையிலிருந்து பேசுவதற்கோ உரிமம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே பேசக்கூடிய அலைவரிசையில் நீளும் அறிவிப்பு, இறங்கும் விமானியின் குரலை மறைத்துவிடக்கூடும் என்பதே எனக்குப் பெரிய கவலை. ஆகவே கேட்பதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் எல்லா விமானங்களிலும் ரேடியோ இருப்பதில்லை என்பதால், வானத்தையும் இடைவிடாது கவனிக்க வேண்டும். வழிவிடும் கடமை எப்போதும் ட்ரோனுக்கே உரியது.