ஏ9 இல் 70 ஐத் தாண்டாமல்: வன்னியில் பழைய காருக்குக் குரூஸ் கன்ட்ரோல் போடுதல்

வவுனியா தாண்டினால் ஏ9 வீதி நேராக ஓடும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வளைவு குறைந்த நல்ல தார். காருக்குச் சட்டம் அனுமதிப்பது ஊர்மனைக்கு வெளியே 70, ஊர்மனைக்குள் 50. கனடா, லண்டன் நெடுஞ்சாலைகளில் பழகிய கால் இந்த வீதியில் தானாகவே 90 க்குப் போய்விடும். அடுத்த மரநிழலில் பொலிஸ் வேகமானியோடு நிற்கும். ஊரில் முற்றத்தில் நிற்கும் பழைய காருக்குக் குரூஸ் கன்ட்ரோல் (பெடலில் கால் வைக்காமலே செற் செய்த வேகத்தில் காரை ஓட வைக்கும் வசதி) போடலாமா என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதற்கு இது ஒரு காரணம். மற்றது, 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியோடு வரும் விலைக்குப் பயந்து பலர் இன்னும் பழையதைத்தான் திருத்தி ஓடுகிறார்கள்.

போடலாம். கைவேலைக்கு வன்னியில் பஞ்சமில்லை. பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட வைத்த ஊர் இது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வயரிங் செய்கிறவர்கள் படமில்லாமலே கம்பியைத் தேடிப் பிடிப்பார்கள். இல்லாதது இரண்டு: ஒன்று பொருள், மற்றது பிரேக்கை மிதித்தால் குரூஸ் அறுகிறதா என்று மினக்கெட்டுப் பார்க்கும் பழக்கம். "லைற் எரியுதுதானே அண்ணை" என்பதோடு வேலை முடிந்துவிடும். முதலாவதை நீங்கள் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள். திரொட்டிலுக்கு (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பகுதி) அக்ஸிலேட்டர் பெடலிலிருந்து இரும்புக் கேபிள் வருகிறதா, வெறும் வயர் சொக்கெற் மட்டும்தானா? கொரோலா 110, டொல்பின் வான் போன்றவை கேபிள். அக்ஸியோ 141, அலியன் 260 போன்றவை வயர். வேலையும் பொருளும் இதைப் பொறுத்து முழுக்க மாறும்.

வயர் திரொட்டில் உள்ள ரொயோட்டாவில் அதிர்ஷ்டம் இருந்தால் வேலை சின்னது. என்ஜினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசியூவுக்குள் குரூஸ் மென்பொருள் ஏற்கெனவே கிடக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் வரும் அந்தச் சின்னக் கைப்பிடிச் சுவிச் மட்டும் இல்லாமல் இருக்கும். அதன் இலக்கம் 84632-34011. பல ரொயோட்டா மொடல்களுக்கு ஒரே சுவிச்தான். ஆனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் ஈசியூ குரூஸை அறியாததாகவும் இருக்கும். ஆகவே சுவிச்சை வாங்குவதற்கு முன், ரொயோட்டா தரவுகளைத் திறக்கக்கூடிய ஸ்கானர் உள்ள கராஜில் கொடுத்து, என்ஜின் தரவுப் பட்டியலில் குரூஸ் வரிகள் வருகின்றனவா என்று பாருங்கள். பிழைக் கோட் மட்டும் வாசிக்கும் மலிவுக் கருவி இதற்கு உதவாது.

சுவிச்சின் உள்ளே நடப்பது எளிது. இரண்டே கம்பி, பொத்தானுக்கொரு மின்தடை. மல்ரிமீற்றரை வைத்தால் ஒன்றும் அழுத்தாதபோது 10 கிலோ ஓமுக்கு மேல், மெயின் (குரூஸை ஓன், ஓவ் செய்வது) அழுத்தினால் கிட்டத்தட்டப் பூச்சியம், ரெஸ்யூம் (முந்திய வேகத்துக்குத் திரும்புவது) 240 ஓம், செற் (ஓடும் வேகத்தைப் பிடிப்பது) 630 ஓம், கான்சல் (விடுவிப்பது) 1540 ஓம் அளவில் காட்ட வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கினால் மேசையிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். செற் அழுத்தும்போது அளவு 700, 800 என்று ஆடினால் உள்ளே கறள் பிடித்திருக்கிறது, வேண்டாம்.

அந்த இரண்டு கம்பியும் சுழலும் ஸ்டியரிங்கிலிருந்து கீழே வருவது ஸ்பைரல் கேபிள் (ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் நாடாக் கம்பி) வழியாக. குரூஸ் இல்லாத காரில் அதில் அந்தப் பின்கள் இல்லாமல் இருக்கலாம். இருந்தால் கீழ்ச் சொக்கெற்றிலிருந்து ஈசியூவின் சீசீஎஸ் பின் (குரூஸ் சுவிச்சுக்கான முனை) வரை ஒரு கம்பியும், மற்றதுக்கு ஏர்த்தும் போதும். இல்லாவிட்டால் ஸ்பைரல் கேபிளையே மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்துவிடும், ஆனால் பின் எண்ணிக்கையைப் படம் எடுத்து அனுப்பாமல் சொல்லாதீர்கள்.

கழற்றும்போது பற்றறியின் மைனஸை எடுத்துவிட்டு குறைந்தது 90 செக்கன் பொறுக்க வேண்டும். அதற்குள் ஏர்பாக்கில் கை வைக்கக்கூடாது. ஏர்பாக் சொக்கெற்றில் மல்ரிமீற்றரை ஒருபோதும் குத்த வேண்டாம். ஸ்டியரிங்கின் இரு பக்கமும் உள்ள ரி30 ரோர்க்ஸ் ஆணிகள் கழன்றதும் ஏர்பாக் வெளியே வரும், அதை முகம் மேலே பார்க்க வையுங்கள். நடுவில் 19 மில்லிமீற்றர் நட்டு. அதைத் திருப்பி இறுக்கும் அளவு 50 நியூட்டன் மீற்றர். நீளக் கம்பி போட்டு முறுக்குவது ஊர்ப் பழக்கம், தேவையில்லை.

இந்த வேலையில் ஆகக் கூடுதலாகப் பிழைக்கும் இடம் ஸ்பைரல் கேபிளை நடுவுக்குக் கொண்டுவருவது. முன் சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். கேபிளைக் கையால் மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்பி முட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக இரண்டரைச் சுற்று, பிறகு அம்புக்குறிகள் நேர்வர வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டினால் அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். பிறகொரு நாள் முழு வட்டம் அடித்துத் திருப்பும்போது உள்ளே உள்ள நாடா அறுந்து ஏர்பாக் லைற் எரியும், ஹோர்ன் செத்துவிடும்.

பற்றறி கழற்றியதால் ஜப்பான் ரேடியோ பூட்டிக்கொண்டு ஈஆர்சி கோட்டைக் காட்டி, திறக்கும் இலக்கத்தைக் கேட்கலாம். அதைத் திறக்கத் தனிக் காசு கேட்பார்கள். வேறு பற்றறியைப் பக்கத்தில் கொடுத்து நினைவைக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏர்பாக் வேலையில் அந்தக் கெட்டித்தனம் கூடாது.

ஈசியூவில் குரூஸ் இல்லையென்றால், பெடல் சென்சருக்கும் வயரிங்குக்கும் இடையில் செருகும் வகைக் கிற் வாங்கலாம். பெடலிலிருந்து இரண்டு சிக்னல்கள் வரும், இரண்டுக்கும் இடையே சுமார் 0.8 வோல்ற் வித்தியாசம். கிற் அந்தக் காருக்குரியதாக இல்லாவிட்டால் வித்தியாசம் குழம்பி பி2138 என்ற பிழைக் கோட் விழும். கார் நொண்டி நடையில்தான் வரும். மொடல் பெயர் மட்டும் போதாது, பெடலின் இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேபிள் காருக்கு ரோஸ்ட்ரா (கிற் செய்யும் நிறுவனம்) போன்றவற்றின் மின்மோட்டர் கிற் பொருந்தும்: ஒரு மோட்டர் சங்கிலியால் திரொட்டிலை இழுக்கும். வேக்குவம் வகை (என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பால் இயங்குவது) டீசல் டொல்பினுக்கு வேண்டாம்: டீசலில் இன்டேக்கில் வேக்குவம் இல்லை, இருப்பது பிரேக் பூஸ்ற்றருக்கான பம்ப். அதில் கை வைத்து ஒரு குழாய் ஒழுகினால் பிரேக் கல்லாகிவிடும். மோட்டர்ப் பெட்டியை எக்ஸோஸ்ற்றிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளிப் பூட்டுங்கள். சங்கிலியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தளர்வு விட வேண்டும். இழுத்துக் கட்டினால் ஐடில் (பெடலை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) ஏறிவிடும். அதிகம் விட்டால் வேகம் ஊஞ்சலாடும். வேகச் சிக்னலைப் பழைய ஜப்பான் கார்களில் கியர்பெட்டிச் சென்சரிலிருந்து எடுக்கலாம். பொதுவாகச் சுற்றுக்கு 4 துடிப்பு, கிலோமீற்றருக்கு 637 சுற்று, அதாவது 2548 துடிப்பு. மைல் கணக்கில் சுமார் 4100. கிற்றில் 4000 என்ற நிலையைத் தெரிவு செய்ய வேண்டும்.

இந்தக் கிற்றுகள் பிரேக் லைற் கம்பியைப் பார்த்துத்தான் விடுபடும். பெடலை மிதிக்காதபோது பல்ப் இழை வழியாக அந்தக் கம்பிக்கு ஏர்த் கிடைக்க வேண்டும். பின் லைற்றை எல்ஈடிக்கு மாற்றியிருந்தால் ஏர்த் சரியாகக் கிடைக்காது, குரூஸ் பிடிக்கவே பிடிக்காது. எல்ஈடியைக் கழற்றிச் சாதா பல்ப் போடுங்கள். அல்லது ஐந்து கால் ரிலே ஒன்று: 86 க்குப் பிரேக் லைற் கம்பி, 85 க்கு ஏர்த், 30 க்குக் கிற்றின் பிரேக் கம்பி, 87ஏ க்கு ஏர்த், 87 க்குப் பியூஸ் போட்ட 12 வோல்ற். கிற்றின் பிரேக் கம்பியை வெட்டிவிட்டு நேரே ஏர்த்தில் கட்டினாலும் குரூஸ் பிடிக்கும்தான். ஆனால் பிரேக் மிதித்தால் விடாது. அப்படிக் கட்டப் பார்த்தால் அந்தக் கராஜை விட்டு வெளியே வாருங்கள்.

ரொயோட்டாவின் சொந்த முறையில் பிரேக் பெடலுக்கு மேலுள்ள சுவிச்சுக்கு நான்கு கம்பி வேண்டும். இரண்டுதான் என்றால் சுவிச்சையும் மாற்ற வேண்டும். கியர்க் காருக்கு எந்த முறையானாலும் கிளச் சுவிச் கட்டாயம், இல்லாவிட்டால் கிளச் மிதித்தவுடன் என்ஜின் கூவும்.

சோதனைக்கு மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதி காலை வேளையில் வசதி. 60 இல் செற் செய்து, விரலால் தட்டுகிற அளவு மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள்: பிரேக் லைற் எரியத் தொடங்கும்போதே விட வேண்டும். பிறகு கான்சல், மெயின் ஓவ், கிளச், ஒவ்வொன்றாக. என்ஜினை நிறுத்தித் திரும்பப் போட்டால் மெயின் லைற் எரியக்கூடாது. ரொயோட்டாவின் சொந்தக் குரூஸ் ஏறத்தாழ 40 க்குக் கீழ் பிடிக்காது. ஏற்றத்தில் வேகம் செற் செய்ததை விட 16 கிலோமீற்றர் அளவு குறைந்தால் தானே விட்டுவிடும். அது பழுதல்ல.

பின்னேரம் மாடு வீதியில் வந்து படுக்கும், அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், கார்த்திகை மார்கழி மழையில் தண்ணி நிற்கும். இந்த நேரங்களில் மெயினை ஓவ் செய்துவிடுங்கள்.

பயணப் பெட்டியில் கொண்டுபோக வேண்டியவை: சுவிச், ஸ்டியரிங் கீழ் மூடி, ரி30 சாவி, நல்ல ரிலே இரண்டு, வெப்பத்தில் சுருங்கும் குழாய். ஏர்பாக்கோடு சேர்ந்த ஸ்டியரிங்கைக் கொண்டுபோக முடியாது, பயணிகள் பொதியில் ஏர்பாக் தடை. கூலியை வேலை தொடங்க முன் பேசுங்கள். மூட்டுகளுக்கு ஈயம் வைக்கச் சொல்லுங்கள். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு வன்னிப் புழுதிக்கும் மழைக்கும் தாங்காது. நிற்கிற காரில் எலி வயரைக் கடிக்கும், ஆகவே புதுக் கம்பிக்குக் கொறுகேற்றட் (நெளிவுள்ள பிளாஸ்ரிக்) குழாய் போட வேண்டும். எந்தக் கம்பி எந்த நிறம், பியூஸ் எங்கே என்று ஒரு தாளில் கீறி, காரின் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வாருங்கள். வெளியில் வாங்கிப் போட்ட கிற் என்றால், வீட்டில் வேறு யாரும் அதைப் பாவிக்கப் போவதில்லையெனில் அதன் பியூஸைக் கழற்றி அந்தத் தாளோடு ஒட்டிவிடலாம்.