பங்காளி வீடா, பூக்கல் பட்டறையா: களத்திட்ட முன்மொழிவுக்கு எது தோது?

முதுகலைப் பொருளியல் படிப்பில் அனுபவவழிக் கற்றலுக்கான செயல்திட்டம் ஒன்றை முன்மொழிய வேண்டியிருந்தபோது, காரைக்குடியில் தங்கிப் படிக்கும் பலரையும் போல எனக்கும் முதலில் கானாடுகாத்தானின் பழைய செட்டிநாட்டுப் பெருவீடுகளே நினைவுக்கு வந்தன. அந்த முன்மொழிவு திரும்பி வந்தது. அடுத்து எழுதிய, ஆத்தங்குடிப் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) செய்யும் பட்டறை பற்றிய முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, முகப்பிலிருந்து வளவு எனப்படும் நடுமுற்றத்தைக் கடந்து பின்கட்டு வரை நேராகச் செல்லும் வாசல்கள் என எழுதுவதற்குப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி ஒன்றே ‘திட்டத்தின் முக்கியத்துவம்’ என்ற பகுதியைப் பாதி நிரப்பிவிடும். பட்டறைக்கு இப்படி எடுப்பான முன்னுரை வாய்க்காது.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானித்தது முன்மொழிவோடு இணைக்க வேண்டிய அனுமதிக் கடிதம்தான். பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளின் பொதுச் சொத்து. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு (மணமான தம்பதியின் குடும்பத்துக்கு) ஒன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நான் பார்த்த வீட்டில் அப்படி ஒன்பது கதவுகள், ஒவ்வொன்றிலும் வேறுவேறு பூட்டு. அவற்றில் ஒன்றுக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் சாவி இல்லை. கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்று கேட்டபோது, “ஒருத்தவுக போட்டா மத்தவுக கேப்பாகளேப்பா” என்றார். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோதான் கூடுவார்கள். முன்மொழிவுக்கோ மூன்று வாரத் தவணைதான் இருந்தது. பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் துறையில் ஏற்கவில்லை. உரிமையாளர் அல்லாதவரின் அனுமதி செல்லாது என்பது நியாயம்தான் என்றாலும், அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்குப் பத்து நாட்கள் மிஞ்சியிருக்கும்.

பட்டறையின் உரிமையாளர் ஒரே ஆள். தேநீர் ஆறுவதற்குள் ரசீதுப் புத்தகத் தாளின் பின்புறம் நான்கு வரி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

கற்றல் விளைவுகளை எழுதுவதும் பட்டறையில் எளிது. கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் முன்வைத்த அனுபவவழிக் கற்றல் சுழற்சியின்படி, செய்வது, செய்ததை எண்ணிப் பார்ப்பது, அதிலிருந்து கருத்தை வடிப்பது, மறுபடி செய்து சோதிப்பது என நான்கு படிகளும் திட்டத்தில் தெரிய வேண்டும். பூக்கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் இட்டுக் கரணையால் அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. அனுமதி கேட்கச் சென்ற அன்றே ஒரு கல்லை ஊற்றிப் பார்த்தேன்: அச்சைச் சாய்த்துத் தூக்கியதால் பச்சை சிவப்புக்குள் வழிந்துவிட்டது. ‘எண்ணிப் பார்த்தல்’ பகுதிக்கான முதல் குறிப்பு அந்தக் கல்தான். வீட்டுக்கான முன்மொழிவில் ‘அறிந்துகொள்வேன்’, ‘புரிந்துகொள்வேன்’ என்பதற்கு மேல் எதையும் என்னால் எழுத முடியவில்லை.

கண்டாங்கிச் சேலை நெசவையும் யோசித்தேன். தறியில் கை பழகவே ஒரு பருவம் போய்விடும் என்று தோன்றியது, ஆனால் நான் தறியருகே இருந்தது ஒரு மாலை மட்டுமே. அதேபோல, பங்காளி வீட்டுப் பிள்ளையாகவே பிறந்தவருக்கும், அளந்து வரைபடம் எடுக்கத் தெரிந்த கட்டடக்கலை மாணவருக்கும் என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

ஏற்கப்பட்ட முன்மொழிவிலும் ஒரு திருத்தம் இருந்தது; அதைச் சொன்னவர் வழிகாட்டிப் பேராசிரியர் அல்லர். கால அட்டவணையைப் பார்த்த பட்டறைக்காரர், “ஐப்பசி கார்த்திகையில கல்லு காயாது தம்பி” என்றார். பூக்கல் வாரங்களைத் தைக்குத் தள்ளிவைத்து, மழை மாதங்களில் கூலி, மூலப்பொருள் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டேன்.