மீன் ஈரல் செல்களில் ஹார்மோன் ஏற்பி: புதிதாகப் பிரித்த செல்லா, செல் வரிசையா?

பெண் மீனின் சூலகத்தில் சுரக்கும் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், ஈரலிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லை இயங்கச் செய்யும் புரதத்தோடு) பிணைந்து, முட்டையின் மஞ்சள் கருவின் மூலப் புரதமான வைட்டெல்லோஜெனினை உருவாக்கச் செய்கிறது. ஆண் மீனிலும் அந்த மரபணு உண்டு. ஹார்மோன் கிடைத்தால் அதுவும் இயங்கத் தொடங்கும். இதை மீனுக்கு வெளியே ஆராய, வானவில் ட்ரவுட்டின் ஈரலிலிருந்து புதிதாகப் பிரித்த செல்களும், ஜீப்ரா மீனின் ஈரலிலிருந்து வந்த, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் இசட்எஃப்எல் என்ற செல் வரிசையும் பயன்படுகின்றன.

ட்ரவுட் செல்களைப் பிரிப்பது பொறுமை கேட்கும் வேலை. ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக உப்புக் கரைசல் செல்லச் செல்லக் கருஞ்சிவப்பு ஈரல் வெளிறும். பிறகு கொலாஜனேஸ் நொதி இணைப்புத் திசுவைக் கரைக்க, குழைந்த ஈரலை நைலான் வலையில் வடிகட்டிச் செல்களைப் பெறுகிறார்கள். உழைப்புக்குப் பலன் உண்டு. இச்செல்களில் எஸ்ட்ராடயால் தன் ஆல்ஃபா வகை ஏற்பியின் ஆர்என்ஏவையே (புரதத்தை உருவாக்க உதவும் மரபணு நகலை) பெருக்குவதையும், அழுத்த ஹார்மோனான கார்டிசால் அதைக் குறைப்பதையும் நேரடியாகக் காணலாம். கார்டிசால் தன் சொந்த ஏற்பியிடம் நடந்துகொள்ளும் விதம் இன்னும் நுட்பமானது: ஆர்என்ஏ ஏறும்போதே ஏற்பிப் புரதம் சிதைக்கப்பட்டுக் குறைகிறது. ஆர்என்ஏவை மட்டும் அளந்தவர் இங்கே நேரெதிர் முடிவுக்கு வந்துவிடுவார். ஜோப்ளிங்கும் சம்ப்டரும் 1993இல், சலவைப் பொருள்களின் சிதைவில் உண்டாகும் நோனைல்ஃபீனால் வலுவற்ற ஈஸ்ட்ரோஜனாகச் செயல்படுவதைக் காட்டியதும் ட்ரவுட் ஈரல் செல்களில்தான்.

இசட்எஃப்எல் 28 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து பெருகும். ஒவ்வொரு முறையும் மீனைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் செயல்படும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாததால், ஆல்ஃபா, பீட்டா1, பீட்டா2 என்ற மூன்று வகை ஏற்பிகளைத் தனித்தனியே புகுத்தி, ஒளி உமிழும் லூசிஃபெரேஸ் மரபணுவையும் சேர்த்த புதிய செல் வரிசைகளை உருவாக்கினார்கள். எந்தப் பொருள் எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை ஒளியின் அளவே சொல்லிவிடும். எனினும், புகுத்திய ஏற்பி அதன் இயல்பான மரபணுக் கட்டுப்பாட்டில் இல்லாததால், ஏற்பி தன்னைத் தானே எப்படிக் கூட்டிக் குறைக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது.

ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் பொருள்கள் உள்ளனவா என்று கழிவுநீர் மாதிரிகளைச் சோதிக்க நான் செல் வரிசையையே பரிந்துரைப்பேன். ஏற்பியின் ஒழுங்குமுறையை அறிய ட்ரவுட் செல்களே வேண்டும். ஆனால் மீனுக்கு மீன் பாலினமும் பருவமும் வேறுபடுவதால், ஒரே மீனிலிருந்து எடுத்துப் வளர்ப்புத் தட்டின் பத்துக் குழிகளில் வளர்த்த செல்களைப் பத்து மாதிரிகளாக அல்ல, ஒரே மாதிரியாகவே கணக்கிட வேண்டும்.