முட்டையிடும் விலங்குகள் பட அட்டை: வாங்கலாம், இரண்டு அட்டையை மட்டும் திருத்திவிட்டுக் கொடுங்கள்

என் மகளுக்கு ஐந்து வயது. முட்டை என்றால் கோழி, மிஞ்சிப்போனால் காடை, அவ்வளவுதான் தெரியும். போன மாதம் பக்கத்துத் தெரு பொம்மைக் கடையில் இந்த அட்டைப் பெட்டியை 280 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தம் 36 அட்டை, ஒரு பக்கம் முட்டை, திருப்பினால் அதை இட்ட பிராணி. நல்ல கெட்டி அட்டை, ஓரத்தை வளைத்து வெட்டியிருப்பதால் கையைக் கிழிக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, எல்லா முட்டையையும் வெள்ளையாகக் கோழிமுட்டை மாதிரியே வரைந்து தள்ளாதது. காக்கை முட்டை வெளிர்நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கிறது. தவளை முட்டை வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி கொழகொழவென்று, நடுவில் கறுப்புப் பொட்டோடு. பங்குனி ஆமையின் முட்டை பிங்பாங் பந்து போல உருண்டை, ஆனால் ஓடு மெத்தென்று தோல் மாதிரி இருக்கும். சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரியில் ஏறி வந்து, குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்கே போய்விடும், அடைகாக்க வராது, மணலின் சூட்டிலேயே ஒன்றரை, இரண்டு மாதத்தில் பொரிந்துவிடும் என்று சொன்னேன். "அப்போ குட்டி அம்மாவைத் தேடாதா?" என்று கேட்டவள் முகம் சுருங்கிவிட்டது. நல்லவேளை அடுத்த அட்டை முதலை. முட்டைக்குள்ளிருந்தே குட்டிகள் கத்தும், அம்மா அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விடும் என்றதும் அந்த அட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

பல்லி அட்டை வந்த அன்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் சுண்டைக்காயை விடச் சின்னதாக இரண்டு வெள்ளை ஓடு, ஒன்று உடைந்து காலியாக இருந்தது. அட்டையைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவளே "சரி" என்று தலையாட்டினாள்.

இப்போது குறை. "பாம்புகள் எல்லாம் முட்டையிடும்" என்று ஓர் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். தப்பு. நல்ல பாம்பும் சாரையும் இடும், கண்ணாடி விரியன் குட்டிதான் போடும். அப்புறம் பிளாட்டிபஸ். வாத்து மாதிரி அலகு இருப்பதால் பறவை அட்டைகளுக்குச் சுற்றிலும் போடும் மஞ்சள் கரையை இதற்கும் போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வாழும் இது பாலூட்டி. முட்டையிட்டு, பொரிந்த குட்டிக்குப் பாலும் கொடுக்கும், காம்பே கிடையாது, தோலில் கசியும் பாலைக் குட்டி குடிக்கும். குழந்தையிடம் சொல்ல இதைவிட அருமையான விஷயம் ஏது, அதைப் போய்ப் பறவையாக்கிவிட்டார்களே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம். நான் மார்க்கர் பேனாவால் கரையை மாற்றிவிட்டேன்.

நாலு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர்கள் கூடவே உட்கார்ந்து சொல்ல வேண்டும், எழுத்து அதிகம். வெளிப்பெட்டி ஒரு வாரத்தில் பிய்ந்துவிட்டது, அட்டைகள் இப்போது பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.