50 கிலோ கொக்கித் தராசு: செம்மறிக் குட்டிகளுக்குப் போதுமா?

போதும். 90 நாளில் பால் மறக்கடிக்கும் குட்டி பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருக்கும். கைப்பிடியும் கொக்கியும் உள்ள இந்தச் சின்ன டிஜிட்டல் தராசு 50 கிலோ தாங்கும், 10 கிராம் வரை பிரித்துக் காட்டும்.

ஆனால் அந்த 10 கிராமை நம்பி ஏமாறாதீர்கள். நன்றாகத் தேறும் குட்டி வாரத்துக்கு 600, 700 கிராம் ஏறும். அரை லிட்டர் தண்ணீர் குடித்த குட்டியை நிறுத்தால் அரை கிலோ கூடிவிடும், ஏறாத எடை ஏறியதாகத் தெரியும். இரவே தாயைப் பிரித்துக் கட்டி, விடிந்ததும் பாலுக்கும் மேய்ச்சலுக்கும் விடுமுன் நிறுக்க வேண்டும். வாராவாரம் அதே கிழமை.

அடுத்த தொல்லை காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடியில் குட்டியைத் தொங்கவிட்டால் எண் நிலைக்கவே நிலைக்காது. கையில் பிடித்து நிறுக்காமல், சுவர் மறைவில் கொட்டில் உத்திரத்தில் மாட்டுங்கள். கயிற்றால் காலைக் கட்டித் தொங்கவிடுவது பாவம், துள்ளலும் அதிகம். உரச்சாக்கைப் பிரித்து விரித்து, நான்கு கால் நுழைய நான்கு ஓட்டை வெட்டி, இரு ஓரத்தையும் மேலே சேர்த்துக் கொக்கியில் மாட்டினால் போதும். வயிறு சாக்கில் பதியும், கால் தரையில் படாது, கொஞ்ச நேரத்தில் குட்டி அடங்கிவிடும். முதலில் வெறும் சாக்கை மாட்டிப் பூஜ்யம் ஆக்குங்கள். மூத்திரத்தில் நனைந்த சாக்கு கனக்கும், இடையிடையே மறுபடி பூஜ்யம் பார்க்க வேண்டும்.

அலகு மாற்றும் பொத்தான் தெரியாமல் அமுங்கிவிடும். 11 கிலோ குட்டி 24.25 காட்டினால் அது பவுண்டு. சரிபார்க்க, வெறும் வாளியைத் தொங்கவிட்டுப் பூஜ்யமாக்கிப் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து கிலோ காட்ட வேண்டும். குளச்சல், ராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் செல் மாட்டும் கம்பி பச்சை பூக்கும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள்.

பால் மறந்த முதல் வாரம் எடை நிற்பது சகஜம். தாயைத்தான் அப்புறப்படுத்த வேண்டும், குட்டி பழகிய பட்டியிலேயே இருக்கட்டும். இரண்டு வாரமாகியும் ஏறாவிட்டால் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். குடற்புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். தராசின் காசு இதிலேயே திரும்பிவிடும்.

இருபது குட்டி வரை இது தாராளம். அதற்கு மேல் கூண்டு வைத்த மேடைத் தராசுதான் சரி. எடைபோட்டு விற்பதற்கு இது ஆகாது, அதற்கு முத்திரையிட்ட தராசு வேண்டும்.