டப் இன்க்கா, டனாகிலா? பிரெஞ்சு ரெகேயை எங்கிருந்து தொடங்குவது

பிரெஞ்சில் ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை) கேட்கணும், யாரில் தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஐவரி கோஸ்ட்டின் ஆல்ஃபா பிளாண்டி பெயர்தான் முதலில் வரும். தப்பில்லை, ஆனால் அவர் தனிப் பாடகர். நான் பேச வந்தது இசைக்குழுக்களைப் பற்றி, அதாவது கூடப் படித்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்று சேர்ந்து, இருபது வருஷத்துக்கும் மேல் ஒரே பெயரில் மேடை ஏறியவர்களைப் பற்றி. பிரான்ஸில் அப்படி இரண்டு பெயர்கள் எனக்கு ரொம்ப முக்கியம்: டப் இன்க், டனாகில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது என்றால் டப் இன்க்கில் தொடங்குங்கள். கொஞ்சம் தெரியும், அல்லது பாட்டு வரியைத் தேடி எடுத்து அர்த்தம் பார்க்கப் பொறுமை இருக்கிறது என்றால் டனாகில் உங்களை விடாது. இரண்டில் எது பெரிய குழு என்று கேட்டால் நான் டப் இன்க் பக்கம்தான், ஆனால் என் மனதுக்கு நெருக்கமான ஆல்பம் டனாகிலுடையது. இது முரணாகத் தெரியலாம், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஊர். டப் இன்க் 90-களின் கடைசியில் செந்த்-எத்தியென் நகரத்தில் உருவானது. நிலக்கரிச் சுரங்கமும் தொழிற்சாலைகளும் வளர்த்த ஊர் அது. அங்கிருந்த கூரியோ சுரங்கம் 1973-ல் மூடப்பட்டது, இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. போலந்து, இத்தாலி, அல்ஜீரியா என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த இடம். அந்தத் தெரு அப்படியே இவர்கள் பாட்டில் கேட்கும். பிரெஞ்சு, ஆங்கிலம், அல்ஜீரிய மலைநாட்டு மக்களின் கபைல் மொழி எல்லாம் ஒரே பாட்டுக்குள் வந்து போகும். டனாகில் 2000-ல் தொடங்கியது, பாரிஸுக்கு மேற்கே மர்லி-லெ-ருவா என்ற ஊரில். பதினான்காம் லூயி மாளிகை கட்டிய இடம், வசதியான புறநகர். பள்ளி நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு, எத்தியோப்பியாவின் கொதிக்கும் பாலைவனத்தின் பெயரை வைத்துக்கொண்டது. ரெகேயோடு பின்னிப் பிணைந்த ஜமைக்காவின் ராஸ்தா மதத்தினருக்கு எத்தியோப்பியா புண்ணிய பூமி, அதனால் அந்தப் பெயர் வெறும் அலங்காரம் இல்லை.

இசைக்கு வருவோம். ரூட்ஸ் ரெகே, அதாவது பழைய மரபு ரெகே, அதன் அடிப்படைத் தாளத்தில் நான்கு எண்ணினால் முதல் எண்ணில் டிரம் விழாது, காலியாக இருக்கும், மூன்றில்தான் கனமாக விழும். கிதார் இரண்டிலும் நான்கிலும் சுருக்கென்று வெட்டும். அந்தக் காலி இடத்தில் பேஸ் கிதார் நடந்து போகும். ஒரு ரெகே குழு எப்படிப்பட்டது என்பது அந்தக் காலி இடத்தை என்ன செய்கிறது என்பதில் தெரிந்துவிடும் என்பேன்.

டனாகில் அதை அப்படியே விட்டுவிடுகிறது. தாளம் அவசரப்படாது, சாக்ஸஃபோன் வந்து ஒரு வரி ஊதிவிட்டு ஒதுங்கும், நடுவில் பாடகர் பலிக்கின் குரல் பேசுவது மாதிரியே பாடிக்கொண்டு போகும். டப் இன்க்கில் ஊதுகருவி கிடையாது, அந்த இடத்தை இரண்டு குரல்கள் எடுத்துக்கொள்கின்றன. கொம்லானுடையது கீழே உறுமும் குரல், டான்ஸ்ஹால் என்ற வேகமான ஜமைக்கா பாணியில் வார்த்தைகளைக் கொட்டும். புஷ்கூருடையது மேலே ஏறி வளையும் குரல், வட ஆப்பிரிக்கப் பாட்டின் அந்த இழுப்பும் நெளிவும் அதில் இருக்கும். ‘ஓர் கோந்த்ரோல்’ (2010) ஆல்பத்தில் இந்த இருவரும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பதைக் கேளுங்கள், ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் உடம்பு புரிந்துகொள்ளும், அதனால்தான் மொழி தெரியாதவருக்கு இதைச் சொல்கிறேன்.

டனாகில் விஷயம் வேறு. வரி புரியவில்லை என்றால் பாதிப் பாட்டு போய்விடும். 2008 ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘செவிடர்களின் உரையாடல்’, நம் ஊர் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ நினைவுக்கு வரும். பாப் மார்லிக்கு அஞ்சலியாக அவர்கள் பாடிய ‘மார்லி’ அதில்தான் இருக்கிறது, பலருக்கு இந்தக் குழு அறிமுகமானதே அந்தப் பாட்டால்தான். ஆனால் எனக்கு 2016-ல் வந்த ‘லா ரூ ரேசோன்’ தான். தெரு யோசிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். காதால் கேட்டால் தெரு அதிர்கிறது என்றும் ஒலிக்கும், ஏனென்றால் பிரெஞ்சில் அந்த இரண்டு வினைச்சொற்களும் கிட்டத்தட்ட ஒரே உச்சரிப்பு. அதில் ‘மார்ச் 32’ என்று ஒரு பாட்டு. அப்படி ஒரு தேதியா என்று நானும் முழித்தேன். 2016 மார்ச் 31 அன்று, தொழிலாளர் சட்டத் திருத்தத்தை எதிர்த்து பாரிஸின் ரிபப்ளிக் சதுக்கத்தில் ஜனங்கள் இரவில் கலையாமல் நின்றார்கள். அடுத்த நாளை ஏப்ரல் 1 என்று சொல்லாமல் மார்ச் 32 என்றார்கள், அதற்கடுத்து 33, 34 என்று எண்ணிக்கொண்டே போனார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை முதல் தடவை கேட்ட மாதிரி என்னால் கேட்கவே முடியவில்லை.

சரி, இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? வானொலியால் இல்லை. பிரான்ஸில் 1996 முதல் தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டாக இருக்கணும் என்று விதி உண்டு. பிரெஞ்சு ராப் அதனால் நன்றாகவே வளர்ந்தது, ரூட்ஸ் ரெகேவுக்கு அந்தப் பலன் பெரிதாகக் கிடைக்கவில்லை. மேடைதான் காப்பாற்றியது. அங்கே மேடைக் கலைஞர்கள் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. ஊருக்கு ஊர் அரசு ஆதரவுடன் நடக்கும் சின்ன இசை அரங்குகளும் இருக்கின்றன. பெயர் தெரியாத ஒரு குழு வேனில் சுற்றியே பிழைக்க இது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வைத்து இருவரும் வேறு வேறு வழியில் போனார்கள். டப் இன்க் ஆல்பங்களைத் தாங்களே தயாரித்து, பயணத்திலேயே ரசிகர்களைச் சேர்த்தார்கள். ஸ்பெயினின் ரோட்டோடோம், ஜெர்மனியின் சம்மர்ஜாம் மாதிரி பெரிய ரெகே விழாக்களில் ஜமைக்காக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று பாடினார்கள். பிரெஞ்சில் பாடும் குழு நாடு தாண்டி இப்படிப் போவது சாதாரணமில்லை, அவர்களைப் பெரிய குழு என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். டனாகில் பாகோ ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தையே சேர்ந்து தொடங்கி மற்றவர்களுக்கும் வழி விட்டது. செனகல்காரர் நாட்டி ஜானின் ஆல்பம் அங்கிருந்து வந்தது, டனாகில் மேடையிலும் அவர் பாடியிருக்கிறார். தனக்குக் கிடைத்த இடத்தில் இன்னொருவரை ஏற்றிவிட்ட அந்தக் குணத்துக்காகவே டனாகிலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. டப் இன்க்கின் ‘மில்லியோன்’ (2019) வரும்போது எந்த இடத்தில் கோரஸ் வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. டனாகிலை ஒரே மூச்சில் கேட்டால் வேகம் எங்குமே மாறாதது சலிப்புத் தரும்.

த்ரியோ, சின்செமிலியா என்ற மற்ற இரண்டு பிரெஞ்சுக் குழுக்கள் பற்றியும் கேட்பீர்கள். த்ரியோ அக்கூஸ்டிக் கிதார் வைத்துப் பாடுபவர்கள், நல்ல பாட்டுகள், ஆனால் அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் தேடி வருபவருக்கு அது போதாது. கிரெனோபிளின் சின்செமிலியாவுக்கு 2004 ஆல்பத்தில் வந்த ஒரு பாட்டு பெரிய ஹிட், பிரான்ஸில் கல்யாண வீட்டிலும் பள்ளி விழாவிலும் பாடுகிறார்கள். அதோடு நிறுத்தாமல் பழைய ஆல்பங்களையும் கேளுங்கள்.

தொடங்குவதாக இருந்தால் ‘ஓர் கோந்த்ரோல்’ முதலில். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும். அப்புறம் அவர்களுடைய ‘திவெர்சித்தே’ (2003), கொஞ்சம் கரடுமுரடானது, இளமையானது. அதற்குப் பிறகு ஒரு இரவு வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ‘மார்ச் 32’ போடுங்கள்.